முன்னாடி அண்ணாச்சியின் முதுகுப் பக்கம்

பினாங்கு மண்ணில் வந்து இறங்கிய தமிழ்ப் போதகர்கள் அத்தனை பேருக்கும் தலைமைப் பண்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர்களில் ஒருவர் உருப்படாமல் போகப் பார்த்ததற்குக் காரணமும் அவர்தான்.

இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் முகாம் வைக்கிறார்கள். போதகர்களையும் குழுத் தலைவர்களையும் மலை மேலே கூட்டிக்கொண்டு போய், கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, சபையை எப்படி நடத்துவது, குறை சொல்கிறவனை எப்படிச் சமாளிப்பது என்று பாடம் எடுக்கிறார்கள். போன மாதம் என் தங்கை மகன், அவனும் ஒரு போதகன்தான், அப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்து எனக்கு விளக்கோ விளக்கென்று விளக்கினான். கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டேன். எங்கள் காலத்தில் முன்னாடி அண்ணாச்சி இதையெல்லாம் இனாமாகவே சொல்லிக்கொடுத்தார். கூடவே குண்டூசியாலும் குத்தினார்.

அவர் தையற்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'முன்னாடி அண்ணாச்சி' என்றால் குவீன் ஸ்ட்ரீட் மளிகைக் கடைக்காரர் முதல் படகுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் வழி சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கப்பலை விட்டு முதல் ஆளாக இறங்கியது தாம்தான் என்று அவர் சொல்வார். கப்பல் நிற்பதற்கு முன்பே இறங்கியிருப்பார் என்று நாங்கள் சொல்வோம்.

கோயிலில் முன் பெஞ்சு. கல்யாண வீட்டில் முன் வரிசை. சாவு ஊர்வலத்தில் பெட்டிக்கும் முன்னால் நடப்பார். செத்தவருக்கே வழி காட்டுகிற மாதிரி இருக்கும். பண்டிகைப் பவனிகளில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முதலில் நடக்கும் உரிமையை அவர் யாரிடம், எப்போது வாங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் துணிச்சல் இல்லை. ஆள் நல்ல உயரம், விறைத்த மீசை, எப்போதும் நேராகப் பார்க்கிற பார்வை. நேராக மட்டும்தான். அண்ணாச்சி எந்தக் காரணத்தைக் கொண்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"தலைவன்னா திரும்பிப் பாக்கப்படாது, தம்பி," என்பார் என்னிடம். "திரும்பிப் பாத்தா என்ன அர்த்தம்? பின்னாடி ஆளு வருதோ இல்லையோன்னு சந்தேகம் வந்துட்டுன்னு அர்த்தம். சந்தேகம் வந்தவன் தலைவனா? திரும்பிப் பாத்த பொம்பள உப்புத் தூணா நின்னாளே, அந்தக் கதை தெரியும்லா?"

வேதத்தில் எத்தனையோ கதைகள் இருக்க, அண்ணாச்சிக்குத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான். அதை வைத்தே காலத்தை ஓட்டினார்.

அவர் கடைக்கு மேல் மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை, கல்யாணம் ஆகவில்லை. மாலை நேரத்தில் அண்ணாச்சி பேசுவதைக் கேட்பதைத் தவிர வேறு பாவம் எதுவும் செய்ய வசதியில்லை.

அவருடைய தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது குமாஸ்தாக்கள் எல்லாரும் கழுத்து வரை பொத்தான் வைத்த வெள்ளை டிரில் கோட்டுப் போடுவோம். எங்கள் சபையில் அந்தக் கோட்டு அத்தனையும் அண்ணாச்சி தைத்தது. முன்னால் நின்று பார்த்தால் கவர்னர் துரைக்குத் தைத்த மாதிரி இருக்கும். பொத்தான் வரிசை நூல் பிடித்தது போல இறங்கும். பின்னால் போய்ப் பார்த்தால் கதை கந்தல். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, நடுத் தையல் எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேரும். நான் ஒரு தரம் கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, முதுகுப் பக்கம் கோணலா இருக்குன்னு ஆபீஸ்ல சிரிக்காங்க."

"யாரு சிரிக்கா? பின்னாடி நிக்கறவன்தானே? பின்னாடி நிக்கறவனுக்கு என்ன மரியாதை? நீரு முன்னாடி போய்க்கிட்டே இரும்லா!"

கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். எங்கள் சபையே முன்னால் கவர்னராகவும் பின்னால் கந்தலாகவும்தான் நடமாடியது.

போதகர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டதும் இந்தத் தையலால்தான். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். பூணூல் போட்ட ஐயர் அல்ல, அங்கி போட்ட ஐயர். ஊரிலிருந்து கொண்டுவந்த அங்கி பினாங்குப் புழுக்கத்துக்குத் தாங்காது. ஆகையால் கப்பலை விட்டு இறங்கிய ஒவ்வோர் ஐயரும் முதல் வாரத்திலேயே புது அங்கிக்கு அளவு கொடுக்க அண்ணாச்சி கடைக்கு வந்தாக வேண்டும். அண்ணாச்சி அவரை ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றி நிறுத்துவார். துணியைச் சுற்றிக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் குண்டூசியாகக் குத்துவார். அதற்குப் பிறகுதான் உபதேசம் ஆரம்பிக்கும். அசைந்தால் குத்தும். ஓடினாலோ உடம்பெல்லாம் குத்தும். உலகத்தில் எந்த முகாமிலும் இவ்வளவு கவனமாகக் கேட்கிற மாணவர்கள் கிடையாது.

"கூட்டம்னு ஒண்ணு போட்டா, ஐயரே, முதல்ல நீங்க பேசணும். கடைசியிலயும் நீங்கதான் பேசணும். நடுவுல மத்தவங்களுக்கு இடம் குடுத்தா அது கூட்டமில்ல, பசார். கைய இறக்காதீங்க, குத்தும்."

"ஆகட்டும், அண்ணாச்சி," என்பார் ஐயர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"யாராவது குறை சொன்னா அவனை ஒரு கமிட்டிக்குத் தலைவராப் போட்டுருங்க. ஆறே மாசத்துல அவன் மேல குறை வர ஆரம்பிச்சுரும். நிமிந்து நில்லுங்க."

கேட்பதற்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணாச்சியே தலைமை தாங்கிய காரியங்கள் எப்படி நடந்தன என்று அந்த ஐயர்கள் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் குண்டூசியோடு குண்டூசியாக ஓடியிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் பஜனையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடுவது எங்கள் வழக்கம். அண்ணாச்சி பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார், நாங்கள் பின்னால். ஒரு வருஷம் நல்ல மழைச்சாரல். மூலையில் ஒரு பாய் கடையில் அப்போதுதான் காப்பிக்குத் தண்ணீர் கொதித்து வாசனை வந்தது. முதலில் டோலக்குக்காரர் ஒதுங்கினார். அப்புறம் ஆர்மோனியம் ஒதுங்கியது. அப்புறம் பாடகர் குழு மொத்தமும். நாங்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்தோம். விளக்கு தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி தனியாகப் போய், ஏதோ ஒரு வாசலைச் சபை மூப்பர் ஒருவர் வீடு என்று நினைத்து நின்று, அடிவயிற்றிலிருந்து பாடியிருக்கிறார். அது ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், அவர் வீடு. கிழவர் பதறி எழுந்து வந்து, விளக்கையும் மீசையையும் பார்த்துவிட்டு, கும்பிட்டு, கையில் காசு வைத்த ஒரு சிவப்புக் காகித உறையைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணாச்சி அந்த உறையைப் பிரிக்காமலே கோயில் காணிக்கைப் பையில் போட்டார்.

"சீனக்காரனுக்குக்கூடத் தெரியுது, தலைவன் யாருன்னு!" என்றார் எங்களிடம். பின்னால் பாட்டே கேட்கவில்லையே, அண்ணாச்சி, உமக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "மெதுவாப் பாடுதீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

இன்னொரு வருஷம் சபையார் எல்லாருமாக அக்கரைக்கு உல்லாசப் பயணம் போவதென்று ஏற்பாடு. கோழி பிரியாணி அண்டாவில் மணக்க மணக்க ஜெட்டிக்கு வந்தாயிற்று. எல்லாருடைய டிக்கெட்டும் அண்ணாச்சி சட்டைப் பையில். ஃபெர்ரி வந்தது. அண்ணாச்சி சபைப் பெயர் எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். போய் முன் முனையில் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். டிக்கெட் இல்லாமல் எங்களை விட மாட்டேன் என்று வாசலில் நின்ற மலாய்க்காரர் கையை விரித்து மறித்தார்.

"அண்ணாச்சீ! அண்ணாச்சீ!" என்று நாங்கள் கத்தினோம். பெண்கள் கத்தினார்கள். மலாய்க்காரரே பாவப்பட்டு, "ஓ பாக்! ஓ பாக்!" என்று தம் மொழியில் பெரியவரைக் கூப்பிட்டுக் கத்தினார். திரும்பினால்தானே? ஃபெர்ரி புறப்பட்டுவிட்டது. கொடி மட்டும் கம்பீரமாகப் பறந்து பறந்து சின்னதாகிப் போனது. நாங்கள் ஜெட்டி ஓரத்திலேயே இலையைப் போட்டோம். அவர் அடுத்த ஃபெர்ரியில் வந்து சேர்ந்தபோது அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

"ஏன் ஒருத்தரும் வரல?"

"டிக்கெட் உம்மகிட்டல்லா இருந்தது!"

"தலைவன்கிட்டதானவே இருக்கணும்?" என்றார். அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த கோழிக்காலை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் பேச்சை ஐயர்மார் கேட்டார்கள். கடையை விட்டு இறங்கியதும் மறந்தும் போனார்கள். அதனால் சபை ஒருவாறு பிழைத்துக் கிடந்தது. மறக்காமல் வைத்துக்கொண்ட ஒரே ஆள் சின்ன ஐயர்.

சின்ன ஐயர் சின்ன ஐயர்தான். மீசை அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. முதல் ஊழியம், முதல் கடல் பயணம், கூடவே மாசமாக இருக்கிற மனைவி. ஐயரம்மாவுக்குக் கப்பலில் வந்த வாந்தி கரைக்கு வந்தும் நிற்கவில்லை. அப்பாவி மனுஷன். மரப்பெட்டி மேல் ஏறி நின்றபோது, அண்ணாச்சி ஆரம்பிக்கும் முன்பே அவராகக் கேட்டார்:

"அண்ணாச்சி, நான் வயசுல சின்னவன். சபையில எல்லாரும் மூத்தவங்க. நான் சொன்னா எப்படிக் கேப்பாங்க?"

அண்ணாச்சியை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் வாயில் கடித்திருந்த குண்டூசியை விழுங்கிவிட்டாரோ என்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நான் பயந்தேன்.

"வந்த புதுசுல எதையாவது நிறுத்தணும், ஐயரே," என்றார். "நிறுத்தினாத்தான் தலைவன் வந்திருக்கான்னு தெரியும்."

"எதை நிறுத்தறது?"

"எது பெருசா இருக்கோ அதை. நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கப்படாது."

முந்தின ஐயர் ஒருவர் இதே உபதேசத்தைக் கேட்டுக் கோயில் வாசலில் வெற்றிலை துப்பக்கூடாது என்று நிறுத்தினார். ஒரு வாரம் நின்றது. இன்னொருவர் ஆராதனைக்குப் பிறகு வாசலில் நின்று பேசக்கூடாதென்றார்; பெண்கள் ஜன்னலோரமாக நகர்ந்து நின்று பேசினார்கள். சின்ன ஐயர் அப்படி அரைகுறையாகச் செய்கிற ஆள் அல்ல. சபையில் எது பெரிது என்று நன்றாகத் தேடிப் பார்த்தார். கண்டுபிடித்தும் விட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில், பின்வாங்காமல் அறிவித்தார்: இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அசனம் கிடையாது.

அசனம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்டுக்கறி விருந்து. ஊரிலிருந்து கூடவே கப்பலில் கொண்டுவந்த வழக்கம். பினாங்கில் நாங்கள் யாரும் எதையும் விதைக்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. பசாரில் வாங்கிய கத்தரிக்காயையும் வாழைப்பழத்தையும் கோழியையும் தூக்கிக்கொண்டு போய்ப் படைப்போம். ஆனால் அன்றைக்கு ஆண்கள் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் கறி ஆக்குவார்கள். ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவரும் பெரிய ஆபீசில் ஹெட் கிளார்க்கும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். சண்டை போட்ட மாமன் மச்சான் பேசிக்கொள்வது அன்றைக்குத்தான். என் அடுத்த அறைக்காரருக்குப் பெண் பார்த்து முடிவானதுகூட ஓர் அசனத்தில், ரசம் வரும் நேரத்தில்.

அந்தக் கறிக்கு உப்புப் பார்க்கிற உரிமை ஒரு மூப்பருக்கு உண்டு. கறி மூப்பர் என்று பெயர். ஹெட் கிளார்க், ஆபீசில் துரைமார் அவருக்குப் பயப்படுவார்கள் என்று பேச்சு. அறிவிப்பைக் கேட்டதும் அவர் எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டு, வெளியே நடந்தார். அவர் பின்னால் அவர் பெஞ்சு. அந்தப் பெஞ்சுக்குப் பின்னால் கோயில். முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு இது எதுவும் தெரியாது. அவர்தான் திரும்ப மாட்டாரே! காலியான கோயிலில் கணீரென்று, "ஆமென்!" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வேகம். மறு ஞாயிறு வந்தது நாலு கிழவிகளும் நானும். அதற்கு மறு ஞாயிறு கிழவிகளும் வரவில்லை. நான் வாடகைக்குப் பயந்து வந்தேன். கறி மூப்பர் தம் அழகான இங்கிலீஷில் சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டார். இந்தப் பகுதிச் சபைகளை எல்லாம் மேய்க்கிற துரை ஐயர், அறுப்பின் பண்டிகையன்று தாமே வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார். கோயில் காலியாக இருந்தால் சின்ன ஐயர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு வேறு எந்தச் சபையும் கதவு திறக்காது. மாசமான மனைவியோடு மறுபடியும் அந்தக் கடல். ஐயரம்மா வீட்டில் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நேரே கடைக்கு இறங்கி வந்தேன்.

"அண்ணாச்சி, ஐயர் கதை முடிஞ்சு போகும் போலிருக்கே," என்றேன்.

"பயப்படாதேயும். சிலுவை முன்னாடி போனா சனம் பின்னாடி வரும்," என்றார். பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

பண்டிகை ஞாயிறு வந்தது. துரை ஐயர் கோயிலுக்குள் பீடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிறியால் விசிறிக்கொண்டு, காலிப் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் பாட்டுப் புத்தகங்களோடு நின்றேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால் ஊரில் இல்லை என்று அர்த்தமல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் சபை மொத்தமும் நின்றது. பண்டிகை உடுப்பில், கையில் கத்தரிக்காயும் தேங்காயும் வாழைத்தாரும் கால் கட்டிய கோழிகளுமாக. படைக்கக் கொண்டுவந்திருக்கிறார்கள்; ஆனால் ரோட்டைத் தாண்ட மாட்டார்கள். துரை ஐயர் காலிக் கோயிலையும் பார்க்கட்டும், நிறைந்த மரத்தடியையும் பார்க்கட்டும் என்பது கறி மூப்பர் திட்டம். பாடகர் குழுவும் அங்கேதான் நின்றது. கோழிகள் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தன.

போதகர் வீட்டு வாசலிலிருந்து பவனி புறப்பட்டது. முன்னால் சிலுவையோடு அண்ணாச்சி. பின்னால் புது அங்கியில் சின்ன ஐயர். அதோடு பவனி முடிந்தது. அண்ணாச்சி முழுக் குரலில் பாடிக்கொண்டு வந்தார். ஐயரும் கூடப் பாடினார். உபதேசத்தை அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார் அந்தப் பிள்ளை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றுமே இல்லாத ஒரு கூட்டத்தை நேரே பார்த்துக்கொண்டு நடத்தி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாதி வழியில் ஐயர் திரும்பிப் பார்த்தார்; குரல் நின்றது. வாசற்படிக்கு வந்தபோது மெதுவாக, "அண்ணாச்சி," என்றார். "பின்னாடி யாரும் இல்ல, அண்ணாச்சி."

அண்ணாச்சி நின்றார். கழுத்து விறைத்தது. திரும்புவாரா மாட்டாரா?

திரும்பினார்.

முதலில் வெறும் பாதையைப் பார்த்தார். அப்புறம் ஐயர் முகத்தைப் பார்த்தார். வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் வழிந்துகொண்டிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் அண்ணாச்சி முகத்தில் பார்க்காத ஒன்று அன்றைக்கு வந்தது. ஃபெர்ரியும் பஜனையும் எல்லாம் ஒன்றாக அவருக்கு அப்போதுதான் புரிந்ததோ என்னவோ.

"பிடி, தம்பி," என்று சிலுவையை என் கையில் கொடுத்தார். விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். ஒரு ரிக்‌ஷாக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கினான்.

"மூப்பரே, அசனத்தை நிறுத்தச் சொன்னது ஐயரில்ல. நான்."

"என்னவே சொல்லுதீரு?" என்றார் கறி மூப்பர்.

"எது பெருசா இருக்கோ அதை நிறுத்தும்னு நாந்தான் சொன்னேன். பச்சப்புள்ள, அதைக் கேட்டுட்டாரு. அவரைச் சுத்தி அத்தனை குண்டூசி. எங்கே ஓடுவாரு?"

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கோழியை இடுக்கிக்கொண்டு நின்ற ஓர் அக்கா, "அப்ப உம்மையில்லா கப்பல்ல ஏத்தணும்!" என்றாள்.

"ஏத்துங்க, தாயி. நாளைக்கு ஏத்துங்க. இன்னைக்கு உள்ள வாங்க. அந்தப் புள்ளத்தாச்சி பெட்டியக் கட்டிக்கிட்டுக் கெடக்கா."

அதற்குள் சின்ன ஐயரே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "மூப்பரே, அசனம்னா என்னன்னு நான் யாரையும் கேக்கல. கேட்டிருக்கணும். தப்புத்தான்," என்றார்.

கறி மூப்பர் துண்டைச் சரி செய்தார். இறங்கி வருகிற மனுஷன் எப்படியாவது ஒரு படி மிச்சம் வைத்துக்கொள்வான் அல்லவா? அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "வாரோம். ஆனா ஒண்ணு. நீரு முன்னாடி நடந்தா ஒருத்தரும் வரமாட்டோம்."

மூப்பர் கேட்டது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அந்த மனுஷனிடம் வாடகைக்குப் பிடித்த கடையைத் தவிர வீடு இல்லை, நிலம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. இருந்தது அந்த முன்னாடி ஒன்றுதான்.

"சரி," என்றார் அண்ணாச்சி. "நான் கடைசில வாரேன்."

ஆக, சிலுவை என் கையிலேயே இருந்துவிட்டது. பினாங்கில் நான் தலைமை தாங்கிய ஒரே காரியம் அதுதான். அண்ணாச்சி உபதேசத்தைக் காலடியில் போட்டு மிதித்து, அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஐயர் வந்தார், மூப்பர் வந்தார், வாழைத்தார் வந்தது, கோழிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், விட்டுப் போன ஒரு தேங்காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அண்ணாச்சி வந்தார்.

கோயில் நிறைந்தது. துரை ஐயர் விசிறியைக் கீழே வைத்தார். ஐயர் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று ஜெபத்தை ஆரம்பித்தார். நடு ஜெபத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல், வாய்விட்டு:

"அடப் பாவி!"

எல்லாரும் திரும்பினோம். அண்ணாச்சி எழுந்து நின்றிருந்தார். அவருக்கு முன்னால் வரிசை வரிசையாக எங்கள் முதுகுகள். ஏறின தோள், இறங்கின தோள், ஊர் சுற்றுகிற தையல். பீடத்துக்கு முன்னால் சின்ன ஐயருடைய புது அங்கி, எல்லாவற்றையும் விடக் கோணல்.

"இதையெல்லாம் யாருவே தச்சது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"நீருதான், அண்ணாச்சி."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். துரை ஐயர் அது ஏதோ தமிழ் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அசனம் நடந்ததா என்று கேட்கிறீர்களா? கறி மூப்பர் ஆட்டை முந்தின நாளே வாங்கி, பக்கத்துப் பாய் கடைக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தார். "ஒரு நம்பிக்கைதான்," என்றார். துரை ஐயர் இலையில் உட்கார்ந்து, மூக்கிலும் கண்ணிலும் வழிய வழியச் சாப்பிட்டார். சின்ன ஐயரின் தலைமைப் பண்பு மிகச் சிறப்பானதென்று மேலிடத்துக்குச் சொன்னாராம். ஐயரம்மா பெட்டியை அவிழ்த்தாள். அவர்களுக்குப் பினாங்கிலேயே பெண் குழந்தை பிறந்தது. சின்ன ஐயர் பெரிய ஐயராகி, தொப்பை வைத்து, வெகு காலம் எங்களோடு இருந்தார்.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். எல்லாருடைய கோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். முதுகைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். கூலி கேட்கவில்லை. கொஞ்ச காலம் எங்கள் சபைக் குமாஸ்தாக்கள் எல்லாரும் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு ஆபீசுக்குப் போய்த் துரைமாரிடம் திட்டு வாங்கினார்கள். புது ஐயர் யாராவது அளவு கொடுக்க வந்தால், "முதல்ல முதுகைக் காட்டுங்க," என்பார். உபதேசம் மட்டும் குறையவில்லை. அதைக் குறைக்க யாரால் முடியும்? பவனிகளில் கடைசிவரைக்கும் கடைசியில்தான் நடந்தார். ஆனாலும் அவரை முன்னாடி அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம்.

என் கோட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. மாடிப்படியில் நின்று எத்தனையோ தரம் கேட்டார். "கொண்டா, தம்பி, அந்தக் கோணலைப் பாத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு," என்பார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே அவர் காலமும் முடிந்துவிட்டது. இன்னும் அது என் அலமாரியில் இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் எடுத்துப் போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் போய் உட்காருகிறேன். பின்னால் இருக்கிற பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் அண்ணாச்சியைப் பார்த்ததில்லை, இப்படியாவது பார்க்கட்டும்.